மாப்பிள்ளை கழற்றிவிட்ட நத்தை

சிவகாசி,
9-8-2008, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி சீனிவாசகம் அண்ணாச்சி அவர்களுக்கு, சங்கரபாண்டியன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் இங்கு உடம்புக்கு எல்லோரும் சுகம். தங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா, மிளகாய் வத்தல் விலை இந்த வாரம் ஏறுமுகமா இறங்குமுகமா என்று அறிய ஆவல். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் ஒரு மணி நேரப் பயணம், சட்டைப் பையில் செல்போன் வேறு இருக்கிறது, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். அதற்குள் சிரிப்பு வராமலும் போகலாம்.

பிரீத்தி ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவும் அப்படித்தான் நினைக்கிறது. அது இல்லை, அண்ணாச்சி. அவள் மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆடி மூன்றாம் தேதி சீரோடு சென்னைக்குப் போய் முறைப்படி அழைத்து வர நானும் அவள் அம்மா பொன்மணியும் பழக்கூடைக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஆடி ஒன்றாம் தேதி காலையில் சென்னை பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி, ஒரு பையும் மடிக் கம்ப்யூட்டருமாக வாசலில் வந்து நின்றாள். புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு வருவது வழக்கம் என்பதால் இதுவரை தப்பித்தோம். இன்னும் எட்டு நாளில் ஆவணி பிறந்துவிடும். அதற்குப் பிறகும் இவள் எங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் பிள்ளையும் தங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீங்கள் இந்நேரம் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருப்பீர்கள்.

வந்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொன்மணியை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு நானே விசாரித்தேன்.

“மாப்பிள்ளை குடிக்காரா?”

“இல்ல.”

“கைய கிய நீட்டினாரா?”

“சேச்சே, என்னப்பா நீங்க!”

“உங்க அத்தை எதும் சொன்னாகளா?”

“அவுகள ஏன்ப்பா இதுல இழுக்கீக?”

“பின்ன என்னதாம்மா நடந்துச்சு?”

“நத்தையக் கழத்தி விட்டுட்டாகப்பா” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் பட்டாசு வியாபாரி. எந்தச் சரக்குக் குறைந்தாலும் வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான் என் புத்தி. “நத்தைதானம்மா, ஆனைக்குட்டம் அணைக்கரையில கெடக்கும். பலவேசத்தை அனுப்பி ஒரு சாக்கு அள்ளிட்டு வரச் சொல்றேன்” என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், முப்பது வருடத்தில் எந்த வெடிமருந்து இன்ஸ்பெக்டரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பலவேசம் எங்கள் வேன் டிரைவர். நான் சொன்னது அவன் காதில் விழுந்து, தண்ணீரே இல்லாத ஆடியில் எங்கே தேடினானோ, மறுநாள் விடிந்ததும் ஒரு வாளி நத்தையோடு வாசலில் நின்றான். அவற்றை என்ன செய்தோம் என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இணையத்தில் ஒரு விளையாட்டாம். பூதங்களை மோதவிடுவது. ஒரு அணிக்கு ஆறு பூதம், ஒவ்வொன்றுக்கும் நாலு வித்தை. தண்ணீர்ப் பூதம் நெருப்புப் பூதத்தை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி தண்ணீரைக் குடிக்கும், இப்படி ஒன்றுக்கு ஒன்று எமன். இரண்டு பேர் கூட்டாக ஓர் அணி வைத்தும் ஆடலாம். நம் பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். கலியாணமாகி ஆறு மாதத்தில் ஜோடியாக உட்கார்ந்து பூதம் வளர்ப்பார்கள் என்று நாம் ஜாதகம் பார்த்தபோது ஜோசியர் சொல்லவில்லை. அது போகட்டும். அந்த ஆறில் ஒரு நத்தை, பிரீத்தி தேர்ந்தெடுத்தது. அது யாரையும் அடிக்காது. நின்று அடி வாங்கும், கூட இருக்கிற பூதத்தின் காயத்தை ஆற்றும். போட்டிக்கு முதல் நாள் மாப்பிள்ளை இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நத்தையைக் கழற்றிவிட்டு, இடி இடிக்கும் பறவை ஒன்றைச் சேர்த்துவிட்டார். முதல் சுற்றிலேயே தோல்வி. இதுதான் வழக்கு.

இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நிம்மதி வந்ததும் திமிரும் வந்தது. ஆறு பூதத்தைப் பொறுக்குவது ஒரு வேலையா, நாரணாபுரத்தில் தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு தூக்கி ஆரம்பித்து ஆறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறவன் நான், நானே ஓர் அணி போட்டு மகளைச் சிரிக்க வைக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எடுத்தவுடன் சட்டம் போட்டேன்: நெருப்பை வாயில் வைத்திருக்கிற எந்த ஜந்துவும் உள்ளே வரக்கூடாது. தீப்பொறி பயத்தில் ஆபீஸ் சுவரில் படம் மாட்டுவதற்குக்கூட ஆணி அடிக்க விடாதவன் நான். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பாதுகாப்பு, வாசலில் தொங்குகிற சிவப்பு வாளிகள்தான். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல். அதே கணக்கில் நாலு தண்ணீர்ப் பூதம், இரண்டு மணல் பூதம் எடுத்துப் போட்டேன். “அப்பா, வேண்டாம்ப்பா” என்றாள். “நீ சும்மா இரு, எவன் தீ வைக்கான்னு பாத்துருவோம்” என்றேன்.

எதிரே எந்த ஊர்க்காரனோ, தெரியவில்லை. அவன் தீ வைக்கவே இல்லை. முருங்கைக்கீரைக் கட்டுக்குக் கையும் காலும் முளைத்தது போல ஒரு பூதத்தை அனுப்பினான். அது என் தண்ணீர்ப் பூதங்கள் நாலையும் வரிசையாக உறிஞ்சிவிட்டு, மணல் பூதங்களுக்குள் வேரை இறக்கிக்கொண்டு நின்றது. பதினோரு நிமிடம். ஆறும் காலி. அந்தக் கீரைக்கட்டுக்கு ஓர் இலைகூட உதிரவில்லை.

“தண்ணியும் மண்ணும் குடுத்தா செடி வளராம என்னப்பா செய்யும்?” என்று கேட்டுவிட்டு பிரீத்தி சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஆறு பூதத்தைக் கொடுத்திருப்பேன்.

பின்னால் பொன்மணி நின்றுகொண்டிருந்தாள். இது தீபாவளிப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் சீசன். குடோனில் பெட்டி அடுக்குகிற பெண்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். “பூராவும் ஒரே சரக்கா அடச்சா எவன் வாங்குவான்? தள்ளுங்க அங்கிட்டு” என்றாள். மகளிடம், “ஏட்டி, எது எது என்ன செய்யும், ஒவ்வொண்ணா சொல்லு” என்றாள். அரை மணி நேரம் கேட்டாள். பிறகு பெட்டி போடுவது போலவே போட்டாள். சத்தத்துக்கு ஒன்று. வேகத்துக்கு ஒன்று. எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வர ஒன்று. “இதுக்கு எது ஆகாதோ, அதத் தாங்குறதுக்கு இன்னொண்ணு பக்கத்துல இருக்கணும்ல?” என்று இன்னொன்றையும் சேர்த்து நாலையும் மாற்றி மாற்றிச் சரி பார்த்தாள். நெருப்புப் பூதம் ஒன்றையும் எடுத்தாள். நான் ஆட்சேபித்தேன். “ஊரே நெருப்புலதான் சோறு திங்குது. ஒரு பூதத்த வச்சா என்ன, குடோனா எரிஞ்சிரும்?” என்றாள். கடைசி இடம் காலியாக இருந்தது. “அடி வாங்கிட்டு நிக்கதுக்கு ஒண்ணு வேணுமே. அந்த நத்தையப் போடு” என்றாள்.

நாலு ஆட்டம் ஆடினார்கள், அண்ணாச்சி. மூன்றில் வெற்றி.

“இதத்தாம்மா நானும் அவுககிட்டச் சொன்னேன்” என்று ஆரம்பித்த பிரீத்திக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் மீதிக் கதையும் வெளியே வந்தது. “தோத்தது பெருசில்லப்பா. அணி பூராவும் யோசிச்சு எழுதிக் குடுத்தது நான். தோத்ததும் அவுக கூட்டாளிங்க நாலு பேரு ஏண்டா தோத்தீங்கன்னு கேட்டதுக்கு, உங்க மாப்பிள்ள ‘இவளுக்கு ஆட்டம் தெரியாது, சும்மா கூட உக்காந்திருக்கா’ன்னு சொல்லிச் சிரிக்காக. நான் காபித் தட்டோட நிக்கேன்.”

இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நல்ல வேளை, எனக்கு முன்னால் பொன்மணி பேசிவிட்டாள். “பழகிப் போகும்டி. உங்கப்பாவுந்தான் இருவது வருசமா, பெட்டிக்குச் செட்டுப் போட்டது தானுன்னுதான் சொல்லிட்டுத் திரியிறாக. நான் என்ன செத்தா போனேன்?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கீரை விலை சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகு அங்கே உட்கார முடியவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆந்திராவில் என் பேரை நிறுத்திய முப்பத்தோரு ஐட்டம் பெட்டி, பிள்ளைகளுக்கு எத்தனை, பெண்களுக்கு எத்தனை, வயதானவர்கள் பயப்படாமல் கொளுத்த எத்தனை என்று யோசித்து அடுக்கியது பொன்மணி. அதற்காக டீலர் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்ததும் அவள்தான்.

ஆகையால் நான் மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனால் தகப்பன் என்கிற முறையில், அனுபவப்பட்டவன் என்கிற முறையில், அவருக்கு இரண்டு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வருகிற வெள்ளி ஆடிக் கடைசி வெள்ளி, சுதந்திர தினம், கம்பெனிக்கும் லீவு. இருக்கன்குடிக்கு நாங்கள் குடும்பத்தோடு வருகிறோம். தாங்களும் அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். கோயிலில் சந்தித்தது போலவும் இருக்கும், அங்கிருந்தே அவளை அனுப்பி வைத்தது போலவும் இருக்கும். ஆனால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதுக்குள் மன்னிப்புக் கேட்டால் செல்லாது என்று சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். சரக்கு எந்த ஊரில் இறங்கியதோ அந்த ஊரிலிருந்துதானே ரிட்டன் எடுக்க முடியும்? மனைவிக்கு உரிய பேரை மனைவிக்குக் கொடுத்தால் ஆணுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அதற்கு வேண்டியது கொஞ்சம் நாக்கடக்கம் மட்டும்தான் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மதினிக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். எங்களுக்கு மழை பெய்யாத தீபாவளியையும், உங்கள் வத்தல் காட்டுக்கு நல்ல மழையையும் அம்மன் ஒரே சமயத்தில் எப்படித் தருவாளோ, தரட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சங்கரபாண்டியன்.

பி.கு. (11-8-2008, திங்கள்): சனிக்கிழமை தபால் போய்விட்டதால் இந்தக் கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. நேற்றுக் காலையில் யாரும் சொல்லாமலே மாப்பிள்ளை சபரிநாதன் வந்து இறங்கினார். நேரே குடோனுக்குள் போய், பெட்டி அடுக்குகிற பெண்கள், பலவேசம், சரக்குப் பார்க்க வந்திருந்த விஜயவாடா டீலர் எல்லோர் முன்னாலும், “பிரீத்தி சொன்னதுதான் சரி, நத்தையைக் கழத்தினது என் தப்பு, ஆட்டம் தெரியாதது எனக்குத்தான்” என்றார். எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிரீத்தி மட்டும் போய்ப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சை மாற்றலாமே என்று நான் டீலரிடம் இந்த வருடப் பெட்டியைத் திறந்து காட்டினேன். “சூப்பர் செட்டு அண்ணாச்சி, யார் போட்டது?” என்றார். இருபது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது: “எல்லாம் நம்ம மூளைதான்.” பொன்மணி டீலருக்குக் காபியோடு பக்கத்தில் நின்றிருக்கிறாள். காபியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பியது மூன்று பேர். “ஆடிதான? நானும் எம் மக வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்” என்றாள் பொன்மணி. எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலையிலிருந்து பெண்கள் பெட்டிக்குச் சாட்டை எத்தனை, சங்குச் சக்கரம் எத்தனை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை இருக்கன்குடி வேண்டாம், அண்ணாச்சி. சென்னைக்குப் போகலாம், தாங்கள் துணைக்கு வர வேண்டும், விஜயவாடா டீலரையும் அழைத்திருக்கிறேன். மேலே மாப்பிள்ளைக்கென்று எழுதிய புத்திமதியை மட்டும் அவரிடம் காட்டாமல் கிழித்து எனக்கே திருப்பி அனுப்பவும். நான் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.