சக்கரத்தைக் கழற்றிய பிறகு சுவிசேஷம்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. சபையின் எழுப்புதல் கூட்டத்தில் பாவத்தையெல்லாம் அழுது விட்டுவிட்டு நேற்றுத்தான் திரும்பி வந்தவர். திருந்தாதவனோடு குடும்பம் நடத்திவிடலாம், திருந்திப் பல வருஷம் ஆனவனோடும் நடத்திவிடலாம். நேற்றுத் திருந்தினவனோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள், தெரியும் சேதி.

காலையில் குழாயைத் திறப்பார். தண்ணீர் வந்தால் "ஸ்தோத்திரம்!" வராவிட்டால் அதைவிடப் பலமாக "ஸ்தோத்திரம்!" டீயை முன்னால் வைத்தால் கண்ணை மூடுவார். உலக சமாதானத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ராஜாவையும் மந்திரியையும் விசாரித்துவிட்டு அவர் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் டீயில் ஆடை படர்ந்து, அதில் ஒரு ஈ விழுந்து, நீந்திக் கரையேறியும் போயிருக்கும். எல்லாரையும் "பிரதர்" என்பார். சொந்தத் தம்பியை அப்படிக் கூப்பிட்டால் குற்றமில்லை. மாமனாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் மனைவியிடமே, "சிஸ்டர், என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நீலச் சட்டை கிடைக்கவில்லை. மதியச் சாப்பாடும் கிடைக்கவில்லை.

நமக்குத் தெரிந்த டயர்க்காரர் ஒருவர் இந்த ரகத்தில் அசல் முத்திரை குத்திய உருப்படி. பஞ்சர் ஒட்டும் கடை. கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் வாயைத் திறந்தால் எதிர்க்கடைக்காரர் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவார். இப்போது கெட்ட வார்த்தை அத்தனையையும் விட்டாயிற்று. ஆனால் பழைய கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சுத்தியல் கட்டை விரலில் விழுந்தால், பழைய பல்லைக் கடித்து, பழைய கண்ணை உருட்டி, "ஸ்தோத்திரம்!" என்று ஒரு போடு போடுவார். தெருநாய் வண்டிக்கு அடியில் பாயும். வார்த்தைதான் மாறியது, நாய்க்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தொழில் நடத்தும் முறையும் மாறியது. முன்பெல்லாம் வண்டி வந்ததும், "என்ன வேலை?" என்று கேட்பார். இப்போது கேட்பதே இல்லை. ஜாக்கியை வைத்துத் தூக்கி, நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை உருட்டி உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்: "பிரதர், இன்னிக்கு ராத்திரி செத்தா எங்க போவீங்க?"

மூன்று சக்கர வண்டியில் எங்கே போவது?

"உங்க ஆத்துமாவை நினைச்சா எனக்கு ஒரே பாரமா இருக்கு பிரதர்" என்று ஒரு லாரி டிரைவரிடம் உருகினார்.

"என் லாரியில இருக்கற பாரமே போதும்யா. சக்கரத்தை மாட்டு!"

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று, கையை உயர்த்தி, "அடுத்த ஞாயிறு புதுசா ஒரு ஆத்துமாவைச் சபைக்குக் கூட்டிட்டுத்தான் வருவேன். இல்லேன்னா இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்!" என்று முழங்கிவிட்டார். போதகர் பூரித்துப்போய் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். கைதட்டலில் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர்!

சனிக்கிழமை வந்துவிட்டது. ஆத்துமா வரவில்லை. அவர் கடைச் சங்கதி ஊருக்குள் பரவிவிட்டதால் பஞ்சரானவர்கள் எல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டே, அவர் கடை வாசலில் மட்டும் தள்ளும் வேகத்தைக் கூட்டி, அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டயர்க்காரர் வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நாளைக்கு எந்த முகத்தோடு சபைக்குப் போவது?

அப்போதுதான் ஒரு டாக்சி ஒரு பக்கமாய் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. வெளியூர் டாக்சிக்காரர். பாவம், விஷயம் தெரியாது.

"அண்ணே, காத்து இறங்குது. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, பொண்ணைக் கூட்டிட்டு வரணும்."

சக்கரம் கழன்றது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, முதல்ல டயரைப் பாருங்க. அப்புறமா பரலோகத்தைப் பாக்கலாம்."

"நீ சும்மா இரு" என்றவர், ஓட்டையை அடைத்து, காற்றுக் குழாயை வால்வில் மாட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "பிரதர், ஒரே ஒரு ஜெபம். சின்னதுதான்."

"இப்பவா?"

"இப்ப விட்டா எப்ப?"

சக்கரமில்லாத மனிதர் வேறென்ன செய்வார், தலையைக் கொடுத்தார். டயர்க்காரர் இரண்டு கையையும் அந்தத் தலையில் வைத்துக் கண்ணை மூடினார். சின்ன ஜெபம் வளர்ந்தது. டாக்சிக்காரரின் பெண், அவள் படிப்பு, டாக்சி, டாக்சியில் ஏறினவர்கள், ஏறப் போகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. குழாயில் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. டயர் உப்பியது. இவரும் உப்பினார். "நிரப்பும் ஆண்டவரே! இன்னும் நிரப்பும்!" என்று கத்தினார். டயர் வஞ்சகமில்லாமல் நிரம்பியது.

டமார்!

தெருவே தரையில் உட்கார்ந்தது. எதிர்க்கடைக்காரர் தராசைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். டாக்சிக்காரர், செத்துவிட்டோமா என்று கை காலைத் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் கரி. சுவரோரம் டயர் வாயைப் பிளந்து கிடந்தது.

கடையில் எந்த டயர் பாழானாலும் டயர்க்காரரிடம் தயாராய் ஒரு வாக்கியம் இருக்கும்: "டயர் பழசு, நம்ம கையில என்ன இருக்கு?" கேட்பவன் அதற்குமேல் ஒன்றும் பேச முடியாது. அது தானாக நாக்கில் வந்து நின்றது.

"டயர் ப..."

"ஆமாங்க, ரொம்பப் பழசு. வந்தப்பவே பாத்தேன்" என்று மனைவி வழக்கம்போல் மறுபாதியை எடுத்துக் கொடுத்தாள்.

டயர்க்காரர் வாயை மூடினார். மென்று முழுங்கினார். கூட்டத்தில் அழுது புரண்டு விட்டுவிட்டு வந்த பாவங்களின் வரிசையில் இந்தப் பொய்யை மட்டும் கடைச் சாமானோடு சாமானாய் நினைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்! காது வரை சிவந்தது.

"இல்ல" என்றார். "டயர் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கண்ணை மூடிட்டேன். என் தப்பு."

மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

அவர் போய்த் தம் சொந்தக் காரின் டயரைக் கழற்றிக்கொண்டு வந்து டாக்சியில் மாட்டினார். சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை. ஒரு "பிரதர்" கூட இல்லை. "போய்ட்டு வாங்க, பொண்ணு காத்திருக்கும்" என்றார், அவ்வளவுதான். டாக்சிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை. உள்ளே பாட்டு நடக்கிறது. நம் ஆள் சொன்ன சொல் தவறாமல் வாசலுக்கு வெளியே, வெயிலில், குற்றவாளி மாதிரி நிற்கிறார். மனைவி பக்கத்தில் நின்று, "வாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று இழுக்கிறாள். நகரவில்லை. அப்போது ஒரு டாக்சி வந்து நின்றது. டாக்சிக்காரர், பின்னால் அவர் பெண்.

"உங்க கடைக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. எதிர்க்கடையில வழி சொன்னாங்க."

"டயர்ல ஏதாவது..."

"டயருக்கு ஒண்ணுமில்லண்ணே. நானும் எத்தனையோ வருஷமா வண்டி ஓட்டறேன். தன் தப்புன்னு சொன்ன டயர்க்காரரை நான் பாத்ததே இல்ல. அதை எங்க சொல்லிக் குடுக்கறாங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

டயர்க்காரர் அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். டாக்சிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு அழகாய் இருந்திருக்கும்! நடந்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாய்ச் சொல்லக் கூப்பிட்டார்கள். போய் நின்றவர் ஆரம்பித்தார்: "பிசாசு பாருங்க, அந்த டயரை டமார்னு வெடிக்க வச்சான்..."

"யாரு வெடிக்க வச்சது?" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

சபை திரும்பிப் பார்த்தது. மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராய் உட்கார்ந்திருந்தாள்.

"...நான்தான்" என்றார் டயர்க்காரர். அன்றைக்குச் சபை கைதட்டிய கைதட்டல் இருக்கிறதே, முந்தின ஞாயிறு தட்டினது அதன் கால் தூசிக்குக் காணாது.

சரி, இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'இதை நம்ம சின்ன மாமா கட்டாயம் படிக்கணும், அவருக்குன்னே எழுதின மாதிரி இருக்கு' என்று உள்ளுக்குள் ஓடியதா? பக்கத்தை மடித்துக்கூட வைத்துவிட்டீர்களா? கொண்டுபோய்க் கொடுங்கள், தப்பே இல்லை. அந்த மனிதர் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்குமாவது விடுங்கள்.