பொங்கலால் செய்த பானை

விருத்தாசலம்,
18-1-71

அன்புள்ள கமலம் அக்காவுக்கு,

உன் தங்கை பெரியநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், பசு, கன்று எல்லோரும் சுகம். வயிறுகள் மட்டும் சற்றுக் களைத்திருக்கின்றன. அங்கே கம்மாபுரத்தில் நீயும் மாமாவும் உன் மாமியாரும் சுகமாக இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதும் கடிதம். வரி கோணலாகப் போனால் நீயே நேராக்கிப் படித்துக்கொள்.

மாட்டுப் பொங்கலன்று தலைப்பொங்கல் விருந்துக்கு மாமா வீட்டார் அத்தனை பேரும் வருவீர்கள் என்று அம்மா விடியும் முன்பே அடுப்பு மூட்டினாள். பக்கத்து வீட்டுக் கமருன்னிசா அக்காவின் பிரியாணி அண்டாவை இரவல் வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, அதில்தான் பூசணி, அவரை, மொச்சை, வள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டுக் குழம்பு கொதித்தது. இன்னொரு பக்கம் சோறு, வடை, கூட்டு, சர்க்கரைப் பொங்கல். வீடு முழுக்க ஆவி நிறைந்து, பனியும் உள்ளே வந்து கலந்துகொண்டு, அம்மா எங்கே இருக்கிறாள் என்பதே வளையல் சத்தத்தில்தான் தெரிந்தது. மத்தியானம் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அப்பா எழுந்து சட்டையை மாட்டினார், பிறகு கழற்றினார். சாயங்காலம் பஸ்ஸுக்குப் பதிலாகப் பால்காரர் மாயவன் அண்ணன்தான் சைக்கிளில் வந்தார். பால் கேனை இறக்காமலே, யாரும் வரப் போவதில்லை என்றார்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டுமே. பொங்கல் சீருக்கு வெண்கலப் பானை வாங்குவதுதான் வழக்கம் என்று அம்மா ஒரு மாதமாகச் சொன்னாள். அப்பா கேட்கவில்லை. தான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் தன் கையாலேயே ஒரு வெள்ளைப் பானை செய்து, கழுத்தில் நீலக் கொடி வரைந்து, உன் பேரையும் மாமா பேரையும் எழுதி, பளபளவென்று சுட்டு எடுத்து வந்தார். இதை அடுப்பில் வைக்கலாமா என்று அம்மா அப்போதே கேட்டாள். சூளையில் வெந்து வந்த பானைக்கு அடுப்பெல்லாம் ஒரு சூடா என்று அப்பா சிரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நெருப்பிலேயே பிறந்தது நெருப்புக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் பொங்கலன்று உங்கள் வீட்டில் பால் பொங்கி வருகிற நேரம் பார்த்துப் பானை டப்பென்று வாயிலிருந்து அடிவரை பிளந்ததாம். பால் முழுவதும் கொட்டி அடுப்பு அணைந்துவிட்டதாம். பொங்கலோ பொங்கல் என்று சொல்ல வாயைத் திறந்த உன் மாமியார், திறந்த வாயோடு அப்படியே நின்றார்களாம்.

அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பானையில் குற்றம் இல்லை, அடுப்பை எரிக்கத் தெரியாமல் எரித்திருக்கிறார்கள் என்று மாயவன் அண்ணனிடமே பதில் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில் பாலோடு அதற்குப் பதிலும் வந்தது. சம்பந்தி நேரில் வந்து என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்கிற வரைக்கும் என் மருமகள் அந்த ஊர்ப் பக்கம் வரமாட்டாள் என்று உன் மாமியார் காசியம்மாள் சொல்லிவிட்டார்களாம். பானை செய்கிறவன் பானையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றார் அப்பா. அதையும் போய்ச் சொல்லச் சொன்னார். மாயவன் அண்ணன் கேனை மூடிக்கொண்டார்.

"என்னப் பால மட்டும் ஊத்த வுடுங்க மாமா. ரெண்டு வூட்டுச் சண்டையையும் இதே கேன்ல சுமந்தா பால் திரிஞ்சிடும்."

அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. கரிநாளன்று தெரு முழுக்க ஆட்டுக்கறி மணக்க, எங்கள் வீட்டில் மட்டும் பூசணிக்காய் மணத்தது. இருப்பது தீராமல் எதுவும் வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சோற்றைப் பிசைந்து சீரகமும் மிளகாயும் போட்டு வடகமாகக் கிள்ளி வைத்தோம். வெயில் வருவதற்குள் காகம் வந்தது. மீந்த வடையை மோர்க்குழம்பில் ஊறப்போட்டோம். அப்படியும் தீராததைக் கமருன்னிசா அக்கா உதிர்த்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி அதில் கொட்டிக் கிளறி, இது எங்க வூட்டுப் பிள்ளைங்க தின்னுடும் என்று பாதியை எடுத்துப்போனார்கள். பசுவுக்கும் வைத்தோம். முதல் நாள் தின்றது, இரண்டாம் நாள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குழம்பு, கூட்டு, பொரியல் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைப்பது என் வேலையாயிற்று.

அக்கா, குழம்பு சுண்டுவதை நீ உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? அது அவசரமே படாது. ஒரு கொப்புளம் வரும், யோசிக்கும், உடையும். பார்த்துக்கொண்டே இருந்தால் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாது. நான் பார்த்தபோது அது மணிமுத்தாறாக ஓடிக்கொண்டிருந்தது. பூசணித் துண்டுகள் ஓடமாக மிதந்தன. ஒன்றில் நீ பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அவரைக்காயால் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாய். கரையில் வடைச் சக்கரங்களோடு ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போயிற்று. கார்டு பச்சைக் கொடிக்குப் பதிலாகக் கறிவேப்பிலையை ஆட்டினார். அடி பிடிக்குதுடி என்று அம்மா தலையில் தட்டியபோது நீ பாதி ஆற்றில் இருந்தாய். உன்னை அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கும்படி ஆயிற்று. மனசுக்கு அது சரியாகவே இல்லை.

கடைசியில் சர்க்கரைப் பொங்கல் மட்டும் மீந்தது. நெய்விட்டுக் கிளறிக் கிளறி அது கெட்டியாகி, கரண்டி தானாகவே நின்றது. தோட்டத்துப் பக்கம் அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய பிளாஸ்டர் அச்சுகள் கிடக்குமே, கிளி, குதிரை, சின்னக் குடம் என்று? அவற்றைக் கழுவிக் காயவைத்தேன். கிளி அச்சில் பொங்கலை அமுக்கினேன். திறந்தால் தலை ஒரு பாதியிலும் உடம்பு ஒரு பாதியிலும் நின்றது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கரிநாள் காலையிலிருந்து யாரோடும் பேசாத அப்பாதான்.

"கிளிக்குக் கழுத்து ஒல்லி. அவசரப்படாத. அச்சு ஈரத்தக் குடிக்கட்டும், குடிச்சி முடிச்சா அதுவே வுட்டுடும்."

சொல்லிவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே குந்தினார். இரண்டாவது கிளி முழுசாக வந்தது. உலர்ந்த திராட்சைதான் கண். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், வெயில் இருவர் மேலும் ஒரே மாதிரி விழுந்தது. அப்புறம் குதிரைகள் வந்தன. தாம்பாளம் நிறையக் கிளிகளும் குதிரைகளும் ஒன்றோடொன்று நெய் மினுங்க நிற்க, அப்பா ஒரு குதிரையின் வாலை மட்டும் தின்று பார்த்தார். அம்மா அதைக் கண்டும் காணாதது போல உள்ளே போனாள்.

இன்று காலை அப்பா வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. குடம் அச்சில் இரண்டு பாதிகளாக அமுக்கி எடுத்து, கம்பெனியில் குழைத்த மண் தொட்டு ஒட்டுவார்களே, அது போல வெல்லப் பாகு தொட்டு ஒட்டினேன். நீலக் கொடிக்கு வழியில்லை. கழுத்தைச் சுற்றி முந்திரிப் பருப்பைப் பாதியாக்கிப் பதித்தேன். பொங்கலாலேயே செய்த பொங்கல் பானை, அக்கா. உள்ளங்கையில் வைத்தால் இன்னும் கொஞ்சம் சூடாக, தூங்குகிற குழந்தை போல இருக்கிறது. இதைத்தான் இந்தக் கடிதத்தோடு மாயவன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கெஞ்சிக் கேட்டேன், கடைசித் தடவை என்று ஒப்புக்கொண்டார்.

நீ இதை உன் மாமியார் முன்னால் வைத்துவிடு. இது அடுப்பில் வைக்கும் பானை இல்லை, வாயில் வைக்கும் பானை என்று சொல். அப்பா வரமாட்டார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவும் மாட்டார். அது அவருடைய தொண்டையில் அந்தக் கிளியின் கழுத்து போல எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அவருக்குப் பதிலாகப் பானை வருகிறது. உன் மாமியார் ஒரு விள்ளல் தின்றுவிட்டு உன்னை அனுப்பினால் போதும். நீ வராமல் இந்த வீடு பெரியதாகிக்கொண்டே போகிறது. அம்மா இன்னமும் உனக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறாள். மீந்துபோவது அதனாலும்தான்.

மாமாவுக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம். மாமா இங்கே வந்தால் நான் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன், ஆனால் சந்தோஷமாக நிற்பேன் என்று சொல். நீங்கள் இருவரும் எல்லாப் பேறும் பெற்று, அடுத்த தை பொங்குவதற்குள் மூவராகப் பெரியநாயகி அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
ந. பெரியநாயகி

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதில் தேதியைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. நான் கடிதத்தை ஒட்டச் சோறு எடுக்கப் போனேன். அதற்குள் அப்பா வேலை முடிந்து வந்து, பானை மேல் நான் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கிப் பார்த்து, தனக்காக எடுத்து வைத்தது என்று நினைத்துப் பானையைத் தின்றுவிட்டார். கழுத்தும் முந்திரியும் மட்டும் கையில் மீந்திருந்தபோதுதான் அம்மா பார்த்தாள். அது கம்மாபுரத்துக்குப் போக வேண்டிய பானை என்றாள். அப்பா நெடுநேரம் அந்தக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒட்டு நல்லா இருக்குது. தின்ன வாயிதான போயிச் சொல்லணும்."

சட்டையை மாட்டிவிட்டார், இந்தத் தடவை கழற்றவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கடிதத்தை அவர் பையில்தான் வைக்கிறேன். கண்ணாடியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், வழியில் படிக்க முடியாது. உள்ளே வந்ததும் உடனே பேச வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் மீந்தது எதுவாக இருந்தாலும் முதலில் போடு. பாவம், காலையிலிருந்து ஒரு பானையைத் தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை.