எரிமலைக்கு வெட்டிய வாய்க்கால்

உலகத்தில் மலையே இல்லாமல் எரிமலைத் தடுப்புச் சபை கண்ட ஒரே ஊர், புத்தூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்தான். மற்ற நாட்டுக்காரர் மலை வெடித்த பிறகு அழுவார்கள். நாங்கள் மலை முளைக்க முன்பே கூட்டம் போட்டோம். சபையின் காரியதரிசி அடியேன்.

1967 பங்குனியில் வாசிகசாலையில் விஞ்ஞான மாஸ்டர் நடராசா பேசினார். "பூமிக்குள்ளை கல்லு உருகிக் குழம்பாக் கிடக்கு. அதுக்குள்ளை வாயு அடைபட்டுக் குமிழி குமிழியாப் பொங்கும். மேல்மூடி தாங்காட்டி வெடிக்கும். குழம்பு ஊரை எரிக்கும், சாம்பல் மூச்சை அடைக்கும்."

மறுநாள் ஊர்ப் 'பொதுக்' கிணற்றில் குமிழி கிளம்பியது.

அந்தப் 'பொது'வைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒழுங்கை எனும் சிறு சந்துக்கு அப்பால், நாங்கள் 'குறைந்தவர்கள்' என்று தீர்மானித்த குடிகள் அதில் வாளி போடக்கூடாது. யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்கலாம். அவர்களுடைய கிணறு உவர்.

"பிள்ளைக்கு ஒரே வயித்தாலை போகுது, நயினார். ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் அதிலை வாறதை அள்ளுவம்" என்று அந்தக் குடிகளில் ஒருத்தியான பூரணம் கேட்டபடியே இருந்தாள். தீட்டு வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டுக் கிணற்றுக்கு வந்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அவசரக் கூட்டத்தில் தலைவர் கதிரவேலர் மேசையில் தட்டினார். "குழம்பு கோயில் பக்கம் வரக்கூடாது. என்ரை புகையிலைத் தோட்டத்துக்கும் வரக்கூடாது."

"அப்ப எங்கை விடுறது, அண்ணை?" என்றேன்.

"ஒழுங்கைக்கு அங்காலை. கிணத்தடியிலையிருந்து வாய்க்கால் வெட்டினால் போச்சு."

"குழம்பு வாய்க்கால் பாத்து ஓடாது" என்று மாஸ்டர் முனகினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"உண்மையா எங்கடை பக்கமோ வெட்டுறியள், நயினார்?" பூரணத்தால் நம்ப முடியவில்லை.

"ஓம். உன்ரை வாசலுக்கே வருது. எரியிற குழம்பு வந்தால் உந்த வாய்க்காலாலை வரட்டும்" என்றார் தலைவர்.

அவள் மண்வெட்டியோடு வந்து எல்லாரையும்விட வேகமாக வெட்டினாள்.

வாய்க்கால் முடிந்த அன்றே, குமிழி விட்டது கிணற்றுக்குள் கிடந்த ஆமை என்று தெரியவந்தது. தலைவர் நிம்மதியாக அதே கிணற்றில் தண்ணீர் மிஷின் போட்டுப் புகையிலைக்கு இறைத்தார். பூரணம் தோட்டத்துக்கு ஓடிய நீரின் வரம்பில் ஒரு வெட்டு வெட்டி, தண்ணீரை எரிமலை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டாள். அது அவள் வாசலுக்கு ஓடியது.

எரிமலைக்கே அரை நாள் கழித்துக் கூடிய சபை, இதற்கு ஓடோடி வந்து கூடியது. "மூடுங்கோடா!" என்று தலைவர் கத்தினார்.

"நெருப்பெண்டால் திறந்து விடுறியள். தண்ணியெண்டால் மூடுறியளோ?" என்றாள் பூரணம். அவளுடைய குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

மூடினோம். பூரணத்தின் பிள்ளைக்கு மறுபடி உவர்த் தண்ணீர்தான். இன்றுவரை எங்கள் ஊரில் எரிமலையால் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். அந்த வேலையை நாங்கள் மலைகளிடம் விடுவதில்லை.