காரை நிறுத்தப் போன ஹெர்மன்

மில்வாக்கி,
பிப்ரவரி, புதன்கிழமை

அன்புள்ள அக்கா கோலீனுக்கு,

உன் தங்கை அனெட் எழுதுவது. இங்கே நானும் வீட்டு ஹீட்டரும் நலம். இருவரில் ஹீட்டர்தான் அதிகம் பேசுகிறது. அரிசோனாவில் நீயும், அத்தானும், அத்தானுடைய புது முழங்காலும், வாராவாரம் படம் எடுத்து அனுப்புகிறாயே அந்த எலுமிச்சை மரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் ஏரிக்காற்று என் தபால் பெட்டியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டது. அவர்கள் அதைத் துடைத்து, உள்ளே ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வைத்து, என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மணியை மட்டும் அடிக்கவில்லை. தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று நினைத்திருப்பார்கள். நான் உள்ளே சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கூப்பன் புத்தகத்துக்கு நன்றி சொல்லவும், அடுத்த ஆண்டு தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுவாய், பிறகு நான் உன்னைத் தேற்ற வேண்டும்.

வாழ்த்து அட்டையில் நீ எழுதியிருந்தது அப்படியே நினைவிருக்கிறது. "உம் புருஷன் டேல் விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் சூப்பு டப்பாவைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கே. நம்ம ஊர்ல இல்லாத கடையா? ஒவ்வொண்ணாப் போய்ச் சாப்பிடு, நாலு மனுஷங்களைப் பாரு." நல்ல எண்ணம்தான் அக்கா. ஆனால் அந்தப் புத்தகத்தை நீ பிரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சாப்பாடு வாங்கினால் இன்னொரு சாப்பாடு இலவசம். அதன் அடியில் எறும்பு அளவு எழுத்தில், இருவரும் மேஜையில் இருக்க வேண்டும், பொட்டலம் கட்டித் தரப்பட மாட்டாது என்று போட்டிருக்கிறது. பனி தள்ளும் எந்திரத்தின் வாய்க்குள் கையை விடாதீர்கள் என்று எறும்பு எழுத்தில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். எறும்பு எழுத்தை நானே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? அதற்காக இலவசச் சாப்பாட்டை வேண்டாம் என்று விடவும் முடியவில்லை. ஒரே அலுமினியத் தாளைக் கழுவிக் கழுவி ஈஸ்டர்வரை கொண்டுவந்த அம்மா வளர்த்த பெண்கள் நாம்.

முதலில் தெற்குப் பக்கத்துச் செர்பியக் கடைக்குப் போனேன். கையில் கூப்பனைப் பார்த்ததும் கடைக்கார அம்மா இரண்டு தட்டு வைத்துவிட்டு, இன்னொருத்தர் எங்கே என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காரை நிறுத்தப் போயிருக்கிறார் என்று வந்துவிட்டது. யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அதோடு போயிருக்கலாம், ஆனால் நான் கேட்டது பூரெக். பாலாடைக்கட்டி வைத்த அந்த மடிப்பு ரொட்டியை நாம் கேட்ட பிறகுதான் அடுப்பில் வைப்பார்கள், வெந்து வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு கப்பலையே நிறுத்திவிட்டு வரலாம். அந்த அம்மா போகும்போதும் வரும்போதும் காலி நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில் கார் ஸ்டியரிங் அகலத்துக்கு ஒரு பூரெக்கைக் கொண்டுவந்து வைத்து, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். "வர மாட்டான். எம் மொதப் புருஷன் சிகரெட் வாங்கப் போனான், முப்பது வருஷமாச்சு. சாப்பிடு" என்றார். சட்டத்தை மீறி மீதியைப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். ஞாயிறுவரை அதையே சாப்பிட்டேன், ஒவ்வொரு வாயிலும் குற்ற உணர்ச்சி ருசித்தது. பூரெக் பிரமாதம், அது வேறு விஷயம்.

அடுத்தது வடக்குப் பக்கத்தில், வறுத்த கோழியும் கீரையும் சோள ரொட்டியும் போடுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவாலயம் விட்ட நேரம், போகக் கூடாத நேரத்தில் போனேன். அங்கே யாரையும் தனியாகச் சாப்பிட விடுவதில்லை. பக்கத்து மேஜையில் ஊதாத் தொப்பி வைத்த ஓர் அம்மா, யாருக்காகக் காத்திருக்கிறாய் கண்ணு என்று கேட்டார். வீட்டுக்காரர் காரை நிறுத்தப் போயிருக்கிறார் என்றேன். பாதைகள் கண்ணாடி மாதிரி வழுக்குகின்றன, அவருக்காக ஜெபிக்கலாம், பெயர் என்ன என்றார். ஒரு மனைவிக்குப் புருஷன் பெயர் யோசிக்காமல் வர வேண்டும் அல்லவா? யோசிக்காமல் வந்தது ஹெர்மன். ஆமாம், நம் ஹெர்மன்தான், தபால்காரரின் இரண்டு காலையும் கடித்துவிட்டுச் செர்ரி மரத்தடியில் அடக்கமான அதே ஹெர்மன். பதினோரு பேர் கையைக் கோத்துக்கொண்டு, கர்த்தரே, ஹெர்மனைப் பத்திரமாகக் கொண்டுவாரும் என்று ஜெபித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவனை நினைத்துத்தான் என்று உன்னிடம் மட்டும் சொல்லலாம்.

கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடைக் கூப்பன்தான் தொந்தரவு தராதது. சன்னல் வழியாக இரண்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் காருக்குள் உட்கார்ந்து இரண்டையும் தின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது கோப்பையின் பாதியில், யாராவது கேட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நம் ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். அரிசோனாவில் அதை மறந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மதுக்கடையில் பொரித்த ஏரி மீனும் உருளைக்கிழங்கு அடையும் என்று கூப்பன் சொன்னது. ஜனவரியில் விழ மறந்த பனியெல்லாம் சேர்ந்து அன்று விழுந்துகொண்டிருந்தது. வாசலில் டார்லா என்ற பரிமாறும் பெண், எத்தனை பேர் என்றாள். இரண்டு என்றேன். இரண்டு பேரும் வந்தால்தான் மேஜை, அதுவரை பாரில் நில்லுங்கள் என்றாள். பிராந்தி ஒன்று வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் மேஜைக்குப் போனார்கள், தின்றார்கள், கோட்டை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் வாசலில் நின்று விடைபெற்றுக்கொண்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

டார்லா வந்து, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றாள்.

"காரை நிறுத்தப் போனார்."

"எப்போ?"

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் அக்கா, ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் முகம் மாறியது. பார்க்காரரிடம் போய் என்னவோ சொன்னாள். அவர் கூடைப்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார். நம் ஊரில், ஆட்டத்தின் நடுவில், டிவியை அணைத்தார். கடை முழுக்க அமைதி. ஒரு மனுஷன் வெளியில் பனியில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றார். வேண்டாம், அவர் எப்போதும் மெதுவாகத்தான் வருவார் என்று நான் கெஞ்சினேன். "கூச்சப்படாதீங்கம்மா, இதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்று ஒரு பெரியவர் மீனைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். பெயர் என்ன, என்ன கார் என்று கேட்டார்கள். ஹெர்மன், சாம்பல் நிறம் என்று எதையோ உளறினேன். எட்டு ஆண்கள் டார்ச்சும் பனி மண்வெட்டியுமாக இறங்கினார்கள். சன்னல் வழியாக, அந்த வெள்ளை இருட்டில் நம் நாயின் பெயரைக் கூவிக்கொண்டு அவர்கள் பரவுவது தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாசல்வரை போனேன். வெளியே வந்தால் சளி பிடிக்கும் என்று டார்லா இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினாள்.

கால்மணி நேரத்தில் கைதட்டலோடு திரும்பி வந்தார்கள். நடுவில், இரண்டு பக்கமும் தோளைப் பிடித்தபடி, ஐம்பது வயது மதிக்கத்தக்க, காதுமூடித் தொப்பி போட்ட ஒரு மனிதர். "இந்தாங்கம்மா உங்க ஹெர்மன். காருக்குள்ளயே உக்காந்திருக்கார், எஞ்சின் ஓடுது, கண்ணாடி பூராப் பனி" என்றார் பெரியவர். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி, "லேட்டாயிடுச்சு, மன்னிச்சிடு" என்றார்.

எங்களை மேஜையில் உட்காரவைத்தார்கள். கடையே பார்த்துக்கொண்டிருந்ததால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினோம். நீங்கள் ஏன் மறுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். "எட்டுப் பேர் மண்வெட்டியோட வந்து, நீதானே ஹெர்மன்னு கேட்டா, நீங்களா இருந்தா என்னம்மா சொல்வீங்க?" என்றார். பிறகு, அவ்வளவு பேர் குளிரில் வந்து, கிடைத்துவிட்டான் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டதைக் கெடுக்க மனம் வரவில்லை என்றார். தன் பெயர் கிளென் என்றும், பள்ளிப் பேருந்து ஓட்டுவதாகவும் சொன்னார்.

மீன் வந்தது. நல்ல மீன். கடைசித் துண்டு தட்டில் கிடந்தது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், இல்லை நீங்கள் என்றார். அவர் அதைப் பாதியாக வெட்டினார், என் பாதியை நான் மறுபடி பாதியாக வெட்டினேன். டார்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டாள். "இன்னைக்குத்தான் ஆன மாதிரி இருக்கு" என்றார் கிளென், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். நான் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

டார்லா போன பிறகு அவர் முட்டைக்கோஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே சொன்னார். அவரும் மனைவி ஜூடித்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே வருவார்களாம். ஜூடித் இறந்து ஓராண்டு ஆகிறது. இப்போதும் ஒவ்வொரு வெள்ளியும் வருகிறார். காரிலேயே உட்கார்ந்து ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் முட்டை அவித்துச் சாப்பிடுகிறார்.

"உள்ள வந்தா, எத்தனை பேர்னு கேப்பாங்க. ஒருத்தர்னு சொல்ல வாய் வரலை."

 அதைச் சொல்ல முடியாமல்தான் நான் உள்ளே நின்றேன், அதைச் சொல்ல முடியாமல்தான் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு சுவர், கொஞ்சம் பனி.

வெளியே வந்து என் கார் முழுவதும் பனியைச் சுரண்டிக் கொடுத்தார். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்குகள், நம்பர் பலகைகூட. இனிச் சுரண்ட எதுவும் இல்லை என்று ஆனதும், "சரி, அப்போ" என்றார். "சரி, அப்போ" என்றேன் நானும். அவ்வளவுதான். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன் அக்கா. அந்தக் கடைப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன். டார்லா ஹெர்மன் எங்கே என்பாள், நான் என்ன சொல்வது? கூப்பன் புத்தகத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் சூப்பே எனக்குப் போதும். நான் தனிமையில் வாடுகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட்டு ஈஸ்டருக்கு விமானம் ஏற வேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பையும், முழங்காலுக்கு என் மரியாதையையும் சொல்லவும். நீங்கள் இருவரும் ஒருவர் சமையலை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நூறாண்டு வாழக் கர்த்தர் அருள்புரிவாராக.

என்றும் உன் தங்கை,
அனெட்

பி.கு: சனிக்கிழமை காலை. தபால்தலை இல்லாததால் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. அதை வாங்கத்தான் நேற்று மாலை கிளம்பினேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தபால் நிலையம் ஏது என்று நீ கேட்கக் கூடாது. மதுக்கடை வாசலில் அவருடைய சாம்பல் கார் நின்றது. உள்ளே ஆள் இல்லை, மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பனி. ஒருவழியாக ஒருத்தர் என்று சொல்லிவிட்டார்போல என்று நினைத்தேன். அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். எனக்காக அப்படி ஒன்றும் சந்தோஷம் இல்லை. என் காரிலேயே, எஞ்சினை அணைக்காமல், ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். டார்லா, தலைக்கு மேல் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னுமா காரை நிறுத்தறீங்க? ஹெர்மன் முக்கால் மணி நேரமா பார்ல நிக்கறார். ரெண்டு பேர், சம்சாரம் காரை நிறுத்தப் போயிருக்காங்கன்னு சொன்னார். எங்க ஆளுங்க மண்வெட்டியைத் தூக்கறதுக்குள்ள உள்ள வாங்கம்மா" என்றாள்.