நீராய்வாளருக்கு வந்த சீர்வரிசை

மலைக்கும் கடலுக்கும் நடுவே அலைவாய் நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாட்டின் குமுதியாறு காலையில் நீலமாகவும் மதியம் சிவப்பாகவும், மாலையில் அன்றைய கிராக்கியைப் பொறுத்தும் ஓடியது. அதன் கரையில் சித்திரவேலரின் சாயப்பட்டறைகள் இருந்தன. மன்னரின் தேர்தல் கொடிகளுக்கு இலவசமாகச் சாயம் ஏற்றித் தந்தவர் அவர்தான்.

அந்தப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் நப்பின்னை. நன்றாகப் படித்து, தலைநகரின் நீர்ப் பரிசோதனைச் சாலையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அவரை ஒரே ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. பட்டறைகளுக்குக் கீழே இருக்கும் தாழ்கரையில் மட்டும் ஏன் இத்தனை கரு கலைகிறது, நடுவயது ஆண்களுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது?

அவர் தாழ்கரையில் வீடு வீடாகப் போனார்.

"யாரும்மா நீ? ஓட்டுக் கேக்க வந்தியா?" என்றாள் பேச்சியம்மாள்.

"தண்ணியப் பத்திக் கேக்க வந்தேன் அக்கா."

"அதுக்குன்னு ஒருத்தரும் இந்தப் பக்கம் வந்ததில்லையே! உள்ள வா, சாப்டுட்டுக் கேளு."

ஆற்றோரத் தெருக்காரர்களும் ஏரிப்பக்கத் தெருக்காரர்களும் ஒரே அரிசியைத்தான் தின்றார்கள், ஒரே வேலையைத்தான் செய்தார்கள். குடிநீர் மட்டும் வேறு. ஏரிப்பக்கத்தில் நோய் இல்லை. பல வருடம் கிணறு கிணறாக நீர் எடுத்துச் சோதித்த பிறகு நப்பின்னைக்குச் சந்தேகம் தீர்ந்தது. முதலில் பேச்சியம்மாளிடம்தான் போய்ச் சொன்னார். அவள் பெற்றதைவிட இழந்தது அதிகம்.

"அப்ப எங்க மாமியா சொன்ன மாதிரி நான் ராசியில்லாதவ இல்லையா?"

"இல்லக்கா. உங்க கிணத்துல ஈயம் இருக்கு."

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை நப்பின்னை பக்கத்திலேயே இருந்தார். பிறகு நேரே அரசவைக்குப் போனார்.

"பட்டறைகளை மூட வேண்டாம். என் அப்பாவுக்கே அதுதான் சோறு போட்டது. கழிவைச் சுத்திகரித்து விடச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

நீர்ப்பெருமைத் துறை அமைச்சர் மாமணிநாதர் எழுந்து நின்று சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"குமுதி நம் தாய். தாயின் மேனியில் நஞ்சு என்று சொல்லும் நா ஒரு மகளின் நாவாக இருக்க முடியுமா? அவையோரே, சிந்தியுங்கள்!"

அவையோர் சிந்தித்து, நதிமானப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றினார்கள். அதன்படி ஆற்றின் காதில் விழும்படி 'அழுக்கு' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. தாழ்கரை மருத்துவர்கள் நோயாளியிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்கப் பயந்து, சூடு, வாயு, கண்திருஷ்டி ஆகியவற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். நோய் கூடியது.

நப்பின்னை மறுபடி அவைக்கு வந்தார். "நான் நஞ்சு என்று சொல்லவில்லை. ஈயம், அரசு அனுமதித்த அளவைவிடப் பத்து மடங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்."

"இவ்வளவுதானா? முன்பே சொல்லியிருக்கலாமே!" என்று அமைச்சர் மனம் நெகிழ்ந்தார். அன்றே அனுமதித்த அளவு பத்து மடங்காக உயர்த்தப்பட்டது. நதி தூய்மையடைந்ததை முன்னிட்டு வாணவேடிக்கை நடந்தது. இனித் தேவையில்லை என்று, கோடைதோறும் தாழ்கரைக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அந்தக் கோடையில் ஆற்றோரத் தெருவில் சாவு விழாத வீடு குறைவு.

நப்பின்னை மூன்றாம் முறை வருவதற்குள் அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. மணல்மேட்டுப் பிராந்தியத்தின் தலைமை நீராய்வாளர். அங்கே நீர் இல்லாததால் வேலைப்பளு குறைவு என்று ஆணையில் கனிவோடு குறிப்பிட்டிருந்தார்கள். சோதனைக்காகக் குமுதியாற்றுப் பகுதி நீரை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம் என்று இன்னோர் ஆணையும் பிறந்தது.

மணல்மேட்டில் நப்பின்னை கண்ணாடிக் குழாய்களைத் துடைத்து அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை போனதைவிட, தாழ்கரையில் யார் எந்தக் கிணற்றில் குடிக்கிறார்களோ என்ற நினைப்புதான் அவரை அரித்தது.

ஒரு நாள் தாழ்கரைப் பெண்கள் மஞ்சள் பூசி மாவிலை வைத்த குடங்களோடு, மேளதாளத்துடன் எல்லைச் சாவடிக்கு வந்தார்கள். முன்னால் பேச்சியம்மாள்.

"குடத்துல என்ன?" என்றான் காவலன்.

"எங்க வீட்டுப் பொண்ணுக்குச் சீர் கொண்டு போறோம்."

"தண்ணியாட்டம் தளும்புது?"

"தண்ணிதான். பொண்ணு தண்ணியில்லாத ஊருல இருக்கா. வேற என்னத்தக் கொண்டு போவாங்களாம்?"

பிறந்த வீட்டுச் சீரைத் தடுக்கும் சட்டம் நாட்டில் இல்லை. மன்னரோ பண்பாட்டின் காவலர். காவலன் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக் கிணத்துலயும் ஒரு செம்பு தர்றேன். அந்தம்மாகிட்ட காட்டுவீங்களா?" என்றான்.

இப்படி மாதந்தோறும் சீர் வந்தது. எது குடிக்கலாம், எது துணி துவைக்க மட்டும் என்று நப்பின்னை குடம் குடமாகப் பார்த்துச் சொன்னார். மக்கள் ஏரிப்பக்கத்தில் புதுக்கிணறுகள் வெட்டி ஊர்முழுக்கப் பங்கிட்டுக் கொண்டார்கள். தாழ்கரையில் மறுபடி தொட்டில்கள் ஆடின. நதி தூயதாக இருப்பதால்தான் நோய் குறைந்தது என்று அமைச்சர் அறிக்கை விட்டார்.

ஒரு நண்பகலில் முக்காடிட்ட ஆள் ஒருவர் பட்டுத்துணி போர்த்திய செம்போடு நப்பின்னையின் வாசலில் நின்றார். முக்காட்டை விலக்கினால், மாமணிநாதர்.

"மருமக முழுகாம இருக்கா. ரெண்டு தடவ தங்கல. எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி இது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா."

நப்பின்னை ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சோதித்தார். முடிவைப் பார்த்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"அரசாங்க அளவுப்படி இது நல்ல தண்ணிதாங்க ஐயா."

அமைச்சர் கண்கலங்கித் தரையைப் பார்த்தார். "பழைய அளவுல சொல்லுங்கம்மா."

"குடிக்கக் கூடாது. இன்னைக்கே பொண்ணத் தாழ்கரையில பேச்சியம்மா வீட்டுல விடுங்க. அங்க இப்ப எல்லாரும் ஏரிப்பக்கத்துப் புதுக்கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறாங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. நல்லாப் பாத்துக்குவாங்க."

பார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டு மருமகள் என்று தெரிந்த பிறகும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த அவையில் மாமணிநாதர், பழைய அளவையே மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதையும் எதிர்க்கும் எதிர்க்கட்சித் தலைவரும் கையை உயர்த்தினார். உயர்த்திய கைகள் எல்லாம் செம்பு பிடித்துப் பழகிய கைகளாகவே தெரிந்தன. தீர்மானத்தை நிறைவேற்றச் சித்திரவேலர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

செய்தி கேட்டுப் பேச்சியம்மாள் மணல்மேட்டுக்கு ஓடி வந்தாள். "சாயத்தக் கலக்குறவனே குழுத் தலைவரா? இது வெளங்குமா நப்பின்னை?"

"வெளங்கும்போலத்தான் தெரியுதுக்கா. போன வாரம் அவரும் வந்தாரு. ரெண்டு செம்போட."

"ஒண்ணு அவரு வீட்டுது. இன்னொண்ணு?"

"யார் வீட்டுதுன்னு அவர் சொல்லல" என்று நப்பின்னை சிரித்தார். "செம்புல அரச முத்திரை இருந்துச்சு."