நல்ல நேரத்தில் போட்ட ஃபேன்

நான் கெட்டிக்காரி. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் காளான் அறை விசயத்துக்குப் பிறகு வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை.

நாங்கள் இருப்பது திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட. கப்பல் ஊதினால் எங்கள் குசினி அலுமாரியில் கிளாசுகள் நடுங்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. இரண்டு நாள் வகுப்பொன்றுக்குப் போய் வந்து, அதற்குள் காளான் வளர்க்கத் தொடங்கினேன். மரத்தூளும் தவிடும் அடைத்த பொலித்தீன் பைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நாளில் பைகளின் வாயில் காளான் வெள்ளை வெள்ளையாக விரிந்தது. அறுபத்தெட்டு வயதில் என் பெயரில் ஒரு தொழில். (அதுவரை என் பெயரில் இருந்தது ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி ஒன்றுதான்.)

காளானுக்கு நல்ல காற்று வேண்டும். இல்லாவிட்டால் தண்டு நீண்டு தலை சிறுத்துப் போகும். அதற்காக ஜன்னலைத் திறந்து வைத்தேன். அந்த ஜன்னல் நேரே பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்தது. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டும் தவிர வேறு எதையும் உடுத்தாத மனிசன். புளித்த தவிட்டு மணம் அவருக்கு ஆகவில்லை.

"அம்மா, உங்கட அறைக்குள்ள ஏதும் செத்துக் கிடக்கோ?" என்று ஒருநாள் மதிலுக்கு மேலால் கேட்டார்.

"ஒண்டும் சாகேல்லை. வளருது," என்றேன்.

அடுத்த கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். நல்ல மனிசன், ஆறுதலாகத்தான் கதைத்தார்.

"அம்மா, முறைப்பாடு வந்திருக்கு. ஒரு கிழமை தாறன். மணமும் அங்கால போகக்கூடாது, அதுக்கெண்டு மெசின் ஏதும் பூட்டினால் சத்தமும் போகக்கூடாது. இல்லாட்டி அறையைப் பூட்டச் சொல்லித்தான் நான் எழுத வேணும்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மருமகள் சுகந்தி கிளிவெட்டி ஊர்ப் பிள்ளை. வயல்காரரின் மகள், நிதானம். இரண்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வழி சொன்னாள். ஜன்னலை அடைத்து அதில் ஒரு ஃபேன் பூட்ட வேண்டும். அது உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வெளியே விடும். அதற்கு முன்னால் கரி நிரப்பிய வடிகட்டி ஒன்று. காற்று கரிக்குள்ளால் போகும்போது மணம் கரியோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி, கடைசியில் கோடு போட்டும் வைத்தாள்: சின்ன அறைக்குச் சின்ன ஃபேனே காணும், சத்தம் குறைந்ததாகப் பார்த்து வாங்கவும்.

"நானும் வாறன் மாமி."

"ஃபேன் வாங்க எனக்குக் காவல் வேண்டாம்," என்று துண்டைப் பேர்ஸுக்குள் வைத்தேன். ஐம்பது வருசமாக மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினவள் நான். ஃபேனுக்குச் செவுள் இல்லையே தவிர, மற்றதெல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பு.

கடை இருந்தது மீன் சந்தைக்குப் பக்கத்தில், ஐஸ் உடைக்கிற இடத்துக்கு அடுத்ததாக. அங்கே மெசின் நாள் முழுக்க ஐஸ் கட்டியை நொறுக்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்துத் தம்பி. முதலில் சின்ன ஃபேன் ஒன்றை எடுத்து ஓடவிட்டார்.

"இது சத்தம் போடாதம்மா," என்று என் காதுக்குள் கத்தினார்.

"அந்தப் பெரிசைப் போடுங்கோ தம்பி," என்று நானும் கத்தினேன்.

பெரிசும் ஓடியது. காதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஐஸ் உடைகிற சத்தம்தான் கேட்டது. இரண்டும் ஒரே அமைதி. அப்படியென்றால் பெரிசை விட்டுவிட்டுச் சின்னதை வாங்க எனக்கென்ன பைத்தியமா? இரண்டையும் கையால் தூக்கிப் பார்த்தேன். பெரிசு நல்ல பாரம். பாரமானால் நல்ல மீன்.

"அம்மா, உங்கட அறைக்கு இந்தப் பெரிசு தேவைக்குக் கூட," என்றார் அந்தத் தம்பி.

"அறை சின்னன்தான். ஆள் சின்னனில்லை," என்றேன். (அவர் சிரித்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.)

கடையில் கரி வடிகட்டியும் இருந்தது. கரியைக் காசு கொடுத்து வாங்குவதா? வீட்டில் தேங்காய்ச் சிரட்டைக்கரி சாக்குக் கணக்கில் கிடந்தது. அதை உரலில் போட்டு இடித்து, நுளம்பு கடிக்காமல் கட்டுகிற வலைத் துணியில் தலையணை போலத் தைத்து அடைத்தேன்.

"மாமி, கரியைக் கழுவிக் காயவிடோணுமாம். வெளியால தடிச்ச துணியும் சுத்தச் சொல்லியிருக்கு," என்றாள் சுகந்தி.

"பல்லு விளக்கிற கரியையே ஒருத்தரும் கழுவிறேல்லை, பிள்ளை."

ஃபேனையும் கரித் தலையணையையும் ஜன்னலில் பூட்ட வந்தவர், "ஒருக்காப் போட்டுப் பாப்பமோ?" என்று கேட்டார். நான் விடவில்லை. புதுத் தொழிற்சாமானை முதன்முதல் ஓடவிடுவதென்றால் நாள், நேரம் பார்க்க வேண்டாமா? கலண்டரில் நல்ல நேரம் அடுத்த நாள் பத்தே காலுக்கு. பரிசோதகர் வருவதாகச் சொன்னதும் பத்து மணிக்கு. இந்தப் பொருத்தத்தைக் கண்டு பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த நாள் ஃபேனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். தட்டில் கற்பூரம் வைத்தேன். பரிசோதகர் மணம் பார்ப்பதற்காகத் தபாலதிபரின் முற்றத்தில், எங்கள் ஃபேனுக்கு நேரே நின்றார். பக்கத்தில் தபாலதிபர், கோயிலுக்குப் போக வெளிக்கிட்டபடி. பின்னால் கொடியில் அவருடைய நாலு வேட்டிகள் காய்ந்தன. பத்தே காலுக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சுவிச்சைப் போட்டேன்.

ஒரு கப்பல் எங்கள் அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டு வெளிக்கிட்டது. கற்பூரம் அணைந்தது. தொங்கிய பைகளெல்லாம் ஊஞ்சலாடின. கரித் தலையணை ஒருதரம் உப்பி, பிறகு வயிறு ஒட்டியது. வாசலுக்கு வந்து பார்த்தேன். மதிலுக்கு மேலால் நாலு கைகள் ஆடின. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கை காட்டினேன்.

சுகந்தி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மதிலுக்கு அங்கால் தபாலதிபர் கறுப்பாக நின்றார். சேட்டு, வேட்டி, பூசியிருந்த திருநீறு, பின்னால் கொடியில் காய்ந்த வேட்டிகள் எல்லாம் ஒரே நிறம். கண் மட்டும் வெள்ளை. பரிசோதகர் கொப்பியைத் தட்டினார், அதிலிருந்தும் கரி புகையாகப் பறந்தது. மனிசன் நேர்மையானவர். ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னார்:

"மணம் ஒண்டும் இல்லை. அது உண்மை."

"மணக்கிறதுக்கு மூக்கு வேணுமே ஐயா," என்றார் தபாலதிபர். "மூக்கு முழுக்கக் கரி."

பரிசோதகர் பேனையை எடுத்தார். என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரியும். என் காளான்கள் உள்ளே இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. என் வாயில் அதுவரை வராத ஒரு வசனம், அதுவும் மருமகளுக்கு முன்னால், வந்தது.

"பிழை என்னிலதான் ஐயா." பேர்ஸைத் திறந்து அந்தத் துண்டை மதிலுக்கு மேலால் நீட்டினேன். "இவ வடிவா எழுதித் தந்தவ. நான்தான் கேக்கேல்லை."

அவர் வாசித்தார். கரி விரலால் பிடித்து இரண்டாம் தரமும் வாசித்தார்.

"எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கிறா. இன்னும் ஒரு கிழமை தாறன். இந்தமுறை கடைக்கு இவவை அனுப்புங்கோ."

சுகந்தி துண்டை வாங்கி மடித்துத் தன் பேர்ஸுக்குள் வைத்தாள். கொடியில் கிடந்த நாலு வேட்டியையும், தபாலதிபர் உடுத்திருந்ததையும் நான்தான் துவைத்துக் கொடுத்தேன், மூன்று தண்ணீரில். சுகந்தி சின்ன ஃபேன் வாங்கி வந்தாள், கரியைக் கழுவினாள், துணி சுற்றினாள். அந்த ஃபேன் அவ்வளவு அமைதி, ஓடுகிறதா என்று பார்க்க இப்போதும் முன்னால் ஒரு நூலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அறை பூட்டப்படவில்லை. தபாலதிபர் கிழமைக்கு ஒருதரம் காளான் வாங்குகிறார். வேட்டி காயப்போடுவதற்கு முதல் மட்டும், "அம்மா, இண்டைக்கு நல்ல நேரம் ஏதும் இருக்கோ?" என்று கேட்பார்.

பெரிய ஃபேனைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. சுகந்தியின் தகப்பன் அதைக் கிளிவெட்டிக்குக் கொண்டுபோய் நெல் தூற்ற வைத்திருக்கிறார். பதரெல்லாம் அடுத்த வயலுக்குப் பறக்கிறதாம். போன அறுவடைக்கு நானும் போயிருந்தேன். களத்தில் நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்:

"மாமியைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, ஒண்டும் கதைக்க ஏலாமல் கிடக்கு."

நான் வாயைத் திறக்கவே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். சுகந்தி ஓடிப்போய் ஃபேனை நிற்பாட்டினாள்.