குளவி இருந்த பெட்டி

மின்பொறியியல் படித்தேன். அதில் பதக்கமும் வாங்கினேன். குளவிக்குப் பயப்படுவேன். இந்த மூன்றில் முதல் இரண்டை மட்டுமே வாழ்நாள் முழுக்க வெளியே சொல்லிவந்தேன்.

பெரம்பலூர் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் நான் பொறுப்பில் இருந்தபோது, பழைய மின்மாற்றியை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றை வைத்தோம். செட்டிகுளத்தில் வெங்காயம் போட்டிருந்த என் மனைவியின் தம்பி செல்வராசுவை, வந்து பார்க்கும்படி நானே அழைத்திருந்தேன். (படித்த மாமனின் பெருமையை வீட்டில் போய்ச் சொல்ல ஆள் வேண்டாமா?)

வேலிக்கு வெளியே நின்றவனுக்கு விளக்கமும் கொடுத்தேன்.

“கல்யாண மண்டபம்னு வச்சுக்க மாப்ள. முன்வாசல்ல ஒருத்தன் ஆள எண்ணுறான், பின்வாசல்ல ஒருத்தன் எண்ணுறான். ரெண்டும் ஒத்துப்போகலன்னா உள்ள கோளாறு. ஒடனே ரிலேங்குற காவல் கருவி கரண்ட்ட நிறுத்திரும்.”

“எண்ணுறவனே தப்பா எண்ணுனா, மாமா?”

“அவன நிக்க வச்சது யாரு? நான்ல!”

எண்ணுகிறவர்களுக்கு சி.டி. என்று பெயர். பெரிய மின்னோட்டத்தைச் சின்னதாக்கி ரிலேவுக்குக் காட்டுபவை. எங்கள் மின்மாற்றியில் முன்பக்கம் ஐம்பது ஆம்பியர் போனால் பின்பக்கம் ஐநூறு வரும். ஆகவே முன்னால் நூறுக்கு ஒன்று, பின்னால் ஆயிரத்துக்கு ஒன்று என்று குறைத்தால் இரண்டும் சமமாகும். ரிலேவில் அப்படியே பதிந்தேன். ஆனால் முன்பக்க சி.டி.யில், பழைய சின்ன மின்மாற்றிக்காக, வயர் அதுவரை ஐம்பதுக்கு ஒன்று என்ற முனையில் இருந்தது. அதை நூறுக்கு மாற்றியாகிவிட்டதா என்று பார்க்க அந்த சி.டி.யின் பெட்டியைத் திறந்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் குளவிக்கூடு. மூடினேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எல்லாம் சரி என்று கட்டைவிரலை உயர்த்தினேன்.

பூசணிக்காய் உடைத்துச் சுவிட்சைப் போட்டோம். அன்று வீடுகளும் தெருவிளக்குகளும் மட்டும்தான். சுமை குறைவு, அதனால் வித்தியாசமும் ரிலேவின் கண்ணில் படவில்லை. மறுநாள் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் காட்டு மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. முன்வாசல்காரன் ஒவ்வொரு ஆளையும் இரண்டாக எண்ணினான். உள்ளே போனதில் பாதி வெளியே வரவில்லை என்று முடிவு கட்டி, ரிலே எல்லாவற்றையும் நிறுத்தியது.

நான் ரிலேவை நம்பினேன். மின்மாற்றிக்குள் பழுது என்று அறிவித்தேன். அப்படிச் சொன்னபின் முழுதாகச் சோதிக்காமல் திரும்பச் சுவிட்சைப் போட முடியாது. எண்ணெயைச் சோதித்தோம், சுருள்களைச் சோதித்தோம். பக்கத்து நிலையத்திலிருந்து வாங்கிய மின்சாரம் வீடுகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. கோடை வெயில்.

செல்வராசு போன் செய்தான். “மாமா, காய் பெருக்குற நேரம். கெணத்துல தண்ணி கெடக்கு, ஏத்த முடியல. இன்னிக்காச்சும் வுடுவீங்களா?”

“உள்ள பெரிய கோளாறு மாப்ள. அவசரப்பட முடியாது.”

எல்லாச் சோதனையிலும் மின்மாற்றி தேறியது. மிஞ்சியது அந்தப் பெட்டிதான். திறந்தேன். வயர் ஐம்பதிலேயே இருந்தது. குளவி உதட்டிலும் கண்ணிமையிலும் கொட்டியது. வயரை மாற்றிப் பொருத்தினேன், மோட்டார்கள் ஓடின. வெங்காயத்தாள் அதற்குள் காய்ந்து சாய்ந்துவிட்டது.

கொழுக்கட்டை போன்ற முகத்தோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு செட்டிகுளம் போனேன். கேள்வி கேட்க வந்திருந்த அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் செல்வராசு முந்திக்கொண்டான்.

“மூஞ்சியப் பாருங்கய்யா! எங்க மாமா உசுரக் குடுத்துல்ல வேல பாத்துருக்காரு.”

வந்தவர்களில் ஒருவர் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்து என் இமையில் தடவினார். அவருடைய பயிரும் போயிருந்தது. உதடு வீங்கியதால் என்னால் பேச முடியவில்லை. வீக்கம் வடிந்த பிறகும் பேசவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் குளவி மாமா. விருந்தில் மூடிய பாத்திரம் வந்தால் போதும், “குளவி மாமா தொறக்கட்டும்” என்று செல்வராசு தொடங்குவான். பிள்ளைகள் கூடவே கத்துவார்கள்.

போன பொங்கலுக்கு அவனைத் தனியே அழைத்து, முதல் நாளே பெட்டியைத் திறந்து மூடியதைச் சொன்னேன்.

“நான் வேலிகிட்டதான நின்னேன், மாமா. நீங்க தொறந்த வேகத்தையும் பாத்தேன், மூடுன வேகத்தையும் பாத்தேன்.”

“அப்பறம் ஏன் அன்னிக்கு எனக்காகப் பேசுன?”

“அக்கா பக்கத்துல நின்னுச்சுல்ல.”

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். இலைகளின் நடுவே மூடி போட்ட பாத்திரம் ஒன்று இருந்தது. செல்வராசு வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கும்படி, “குளவி மாமா தொறக்கட்டும்” என்றான். வீடே சிரித்தது.

நான் திறந்தேன்.